தண்ணீர் பட்ட பாடு

முதலில் கேட்டது சத்தமல்ல,
சத்தம் நின்றது.
படுக்கையறைச் சுவருக்கு அந்தப் பக்கம்
ஏழு வருடமாய் முனகிக்கொண்டிருந்த பம்பு
இரவு இரண்டேகாலுக்கு
வாயை மூடிக்கொண்டது.
வெளியே மைனஸ் முப்பத்தெட்டு.
"உன் திமிங்கலம் செத்துப்போச்சு"
என்று சொல்லிவிட்டு
ஆர்லீன் புரண்டு படுத்தாள்.

ஃபிளின் ஃப்ளான் ஊரின் கர்லிங் அரங்கில்
முப்பத்தொரு வருடம்
தண்ணீரை உறையவைத்துச் சம்பளம் வாங்கியவன் நான்.
முதுகில் தொட்டி சுமந்து
பின்னோக்கி நடந்தபடி
துளித்துளியாய்த் தூவுவேன்.
எது எங்கே எப்போது இறுகும் என்பதெல்லாம்
எனக்குத் தண்ணீர் பட்ட பாடு.
ஓய்வு பெற்ற பிறகு பாருங்கள்,
உறைந்துவிடாதே உறைந்துவிடாதே என்று
ஆயிரத்து இருநூறு லிட்டரிடம்
கெஞ்சுகிற பிழைப்பு.

அவள் முழங்கால்களுக்காக வாங்கிய வெந்நீர்த் தொட்டி.
ஞாயிறுதோறும் வடிகட்டியின் மடிப்புகளை விரித்துக்
குளியலறையில் கழுவுவேன்.
சோதனைக் காகிதத்தை முக்கி எடுத்து
இது ஆரஞ்சா சிவப்பா என்று சண்டை போடுவோம்.
எனக்கு நிறம் சரியாகத் தெரியாது.
ஒப்புக்கொண்டதில்லை.
புரோமின் கூடிய வாரம் அவள் நீச்சலுடை வெளுத்தது.
குறைந்த வாரம் நுரை பொங்கியது,
யாரோ ஊர்த்துணியெல்லாம் துவைத்துவிட்டுப் போனதுபோல்.

பத்தாம் நெடுஞ்சாலையை மூடிவிட்டார்கள்,
பம்பு வர வியாழனாகும் என்றான் டுவெய்ன், போனில்.
அன்று திங்கள்.
"பெரிய தண்ணீர் தாங்கும், குழாய் தாங்காது."
யாரிடம் சொல்கிறான்!
பனி ஒருநாளும் நட்டநடுவில் பிறப்பதில்லை.
வளைவில், மூலையில்,
யாரும் எட்டிப் பார்க்காத விரற்கடைக் குழாயில்
அதற்கு முதல் பல் முளைக்கும்.

பக்கப் பலகையைக் கழற்றினேன்.
திருகாணி விரலில் ஒட்டி
தோலோடு வந்தது.
உள்ளே பஞ்சைக் குடைந்து
எலி ஒன்று குடித்தனம்.
நூறு வாட் பல்பு ஒன்றைத் தொங்கவிட்டேன்,
அதற்கும் சேர்த்து விளக்கேற்றியாயிற்று.

மறுநாள் மாலை தண்ணீர் முப்பத்து மூன்று டிகிரி.
பல்பை நம்பி இன்னொரு இரவா?
இறைத்துவிடலாம் என்று குழாயோடு வந்தேன்.
அவள் நீச்சலுடையில் நின்றாள்,
தலையில் என் கம்பளித் தொப்பி.
"எப்படியும் கொட்டத்தானே போகிறாய், இறங்கு."

குமிழி இல்லை, இரைச்சல் இல்லை.
ஏழு வருடமாய் இதற்குள் நாங்கள்
பேசியதே இல்லை,
கத்தியிருக்கிறோம்.
ஏரியில் பனி பிளந்தது,
தொலைவில் யாரோ கனத்த கதவைச் சாத்தியதுபோல்.
அவள் இமைகள் வெளுத்துக்கொண்டே வந்தன.
"உனக்கு நிறம் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்" என்றாள்.
"எப்போதிருந்து?"
"கல்யாணத்தன்று நீ கட்டிவந்த
டையைப் பார்த்ததிலிருந்து."

இறைத்த தண்ணீர்
கொல்லையெங்கும் ஆவி விட்டுக்கொண்டே ஓடி
ஓடிய இடத்திலேயே நின்றது.
ஜெட் துளைகளை உறிஞ்சி முடிக்க
நள்ளிரவு தாண்டிவிட்டது.
போய்ப் படுத்திருக்கலாம்.
பழைய புத்தி.
ரப்பர் துடைப்பானை எடுத்துவந்து
இறுகுவதற்குள் இழுத்து இழுத்துச் சமன் செய்தேன்.

காலையில் பக்கத்து வீட்டு ஜோலீன்
ஸ்கேட்டோடு வேலி தாண்டி வந்துவிட்டாள்.
இந்தப் பனியில் நீச்சல்குள வாசம் வருகிறதாம்.
வடகிழக்கு மூலை கால் அங்குலம் தாழ்வு.
அவள் கவனிக்கவில்லை.
நான் சன்னலில் நின்று
அதை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

வியாழனன்று பம்பு வந்தது.
இணைப்பு அரை அங்குலம் சிறியது.
டுவெய்ன் தலையைச் சொறிந்துவிட்டு
திங்களன்று வருகிறேன் என்று போனான்.
வெற்றுத் தொட்டியை மூடிக்கொண்டிருந்தபோது
ஆர்லீன் சன்னலைத் தட்டினாள்.
பல்பு எரிகிறதா என்று கேட்டாள்.
எலிக்கு.